வலது ஓரத்துப் பெட்டி

அக்கா ஓர் இணையப் பக்கத்தைக் கீழிருந்து மேலாகத்தான் பார்ப்பார். நாங்கள் தலைப்பு, படம், பெயர் என்று மேலேயிருந்து இறங்குவோம். அவர் நேரே கடைசி வரிக்குப் போய், அங்கிருந்து ஆட்கள் எழுதி நிரப்பும் ஒவ்வொரு பெட்டியாக விரலை வைத்துக்கொண்டு ஏறுவார். அவருடைய திரை முழுவதும் விரல் அடையாளம். ஏதாவதொரு பெட்டியில் விரல் நின்றுவிட்டால் தலையைத் திருப்பாமலே கேட்பார்.

“உது ஆற்றை?”

அது யாருடையது என்ற கேள்வி, அந்தப் பெட்டியை அங்கே வைத்தவருக்கு. பெரும்பாலும் அது நான்.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பேக்கரி. பத்து மணிக்கு மீன் பணிஸ் வாசம் படியேறி வரும். நாங்கள் ஐந்து பேர். பல் வைத்தியர், ரியூசன் வகுப்பு, கலியாண மண்டபம், குடும்ப வைத்தியர் என்று சிறிய இடங்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்போம். பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்பது என் வேலை. அதில் ஆட்கள் நிரப்பி அனுப்பும் படிவங்கள் அக்காவின் வேலை. அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. எனக்கு முப்பத்தொன்று. என்னைப் பிள்ளை என்று கூப்பிடுவார். ஹீட்டர் எவ்வளவு சூடாக இருந்தாலும் அலுவலகத்துக்குள் கோட்டைக் கழற்ற மாட்டார். யாராவது கேட்டால், “திடீரெண்டு போகவேண்டி வந்தால்?” என்பார். எங்கே என்று சொல்ல மாட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் எனக்குச் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒரு படிவத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெட்டிகளில் எழுதியது, பட்டனை அழுத்தியதும் உரியவரிடம் போய்ச் சேரும். ஆனால் என்னைப் போன்றவர்கள் அழகு பார்த்து, பெயரை மேலே வைப்போம், தொலைபேசி எண்ணைப் படத்துக்குக் கீழே வைப்போம், இன்னொன்றைக் கொண்டுபோய் ஓரத்தில் வைப்போம். அப்படி வெளியே நிற்கும் பெட்டியின் மேல், அது எந்தப் படிவத்தைச் சேர்ந்தது என்று அந்தப் படிவத்தின் பெயரை எழுதிவிட வேண்டும். எழுதினால் பக்கத்தின் எந்த மூலையில் நின்றாலும் அது அந்தப் படிவத்தோடு சேர்ந்து போகும். எழுத மறந்தால் போகாது.

“சிவப்பாய் ஒண்டும் வராது, பிள்ளை. பிழை எண்டு ஒண்டும் சொல்லாது. ஆக்கள் எழுதுவினம், எழுதினது கண்ணுக்கு முன்னாலை தெரியும், பட்டனை அமத்துவினம், ‘நன்றி’ எண்டு வரும். அவையள் சொல்லிப்போட்டம் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பினம். இஞ்சாலை ஒருத்தருக்கும் ஒண்டும் வந்திராது.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும், அறையில் வேறு யாரோ இருப்பது போல.

திரையோடு நின்றிருந்தால் அது வேலை நேர்த்தி என்று விட்டுவிடலாம். அக்கா ஆட்களையும் அப்படித்தான் பார்ப்பார். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போனால் மேடைப் பக்கம் திரும்பவே மாட்டார். சுவரோரம் ஒருவர் கோப்பையோடு தனியே நின்றால் நேரே அவரிடம் போய், “நீங்கள் ஆரோடை வந்தனீங்கள்?” என்று கேட்பார். பலருக்கு அது பிடிக்கும். சிலர் பயந்துபோய்க் கோப்பையை வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள்.

ஒருநாள் என் கலியாண அல்பத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். அக்கா கடைசிப் படத்தைத்தான் முதலில் எடுத்தார். மணவறையைப் பார்க்கவில்லை. விரல் ஓரத்தில் ஒரு பச்சைச் சேலையில் நின்றது.

“உவ ஆற்றை பக்கம்?”

“அவற்றை பக்கமாத்தான் இருக்கும்” என்றேன், என் கணவரை நினைத்து.

அவர் அல்பத்தை முன்பக்கம் வரைக்கும் புரட்டினார். பச்சைச் சேலைக்காரி ஒன்பது படங்களில் இருந்தார். எல்லாவற்றிலும் ஓரத்தில். ஒன்றில் எனக்குப் பின்னால் தட்டத்தோடு நின்றார். அன்று வீட்டுக்குப் போய் மாமியிடம் கேட்டேன். “உங்கடை ஆளெண்டல்லோ நான் நினைச்சன்” என்றார். அம்மாவோ மாப்பிள்ளை பக்கம் என்று நினைத்திருந்தார். இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் தெரியவில்லை. மண்டபம் மாறி வந்த ஒருத்தி என்று நாங்கள் முடிவுகட்டினோம். மறுநாள் அக்காவிடம் அதைச் சொன்னேன்.

“மண்டபம் மாறி வந்தவ எண்டால் சாப்பிட்டிட்டுப் போயிருப்பா. உவ கடைசிப் படத்திலையும் நிக்கிறா” என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்த அல்பத்தைத் திறக்கவில்லை.

இனி வைத்தியரின் பக்கத்துக்கு வருகிறேன். ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு குடும்ப வைத்தியர். எங்களவர்கள் நிறையப் பேர் போகும் இடம். அவருக்காக ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு பக்கம் செய்தோம். பெயர், முகவரி, எந்த நாள் வர வசதி என்று நிரப்பி அனுப்பினால் அவர்கள் நேரம் ஒதுக்கித் தருவார்கள். கடைசியில் ஒரு பெட்டி. அதற்குள் சாம்பல் நிற எழுத்தில், “வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா?” என்று இருக்கும். தட்டத் தொடங்கியதும் அந்த எழுத்து மறைந்துவிடும்.

அக்கா தங்கையைப் பார்க்க பிரான்சுக்குப் போயிருந்த மாதம், பக்கம் நீளமாக இருக்கிறது என்றார் வைத்தியர். நான் அந்தப் பெட்டியைத் தூக்கி வலது ஓரத்தில் வைத்தேன். பார்க்க வடிவாக இருந்தது. அதன்மேல் படிவத்தின் பெயரை எழுதவில்லை. மறந்துவிட்டேன்.

பதினாலு மாதம் கழித்து, வேறு எதற்கோ அந்தப் பக்கத்தைத் திறந்த அக்காவின் விரல் வலது ஓரத்தில் நின்றது.

“உது ஆற்றை?”

“நான்தான், அக்கா” என்றேன்.

அவர் ஏசவில்லை. பக்கத்தின் பதிவுகளுக்குள் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். இணையத் தொடர்பு அறுந்துபோனால் ஆட்கள் திரும்ப எழுதவேண்டாம் என்பதற்காக, பெட்டிகளில் தட்டுவதை எங்கள் பக்கம் சில விநாடிக்கு ஒருமுறை சேமித்துவைக்கும். படிவம் போனதும் அதன் பெட்டிகளில் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். ஆனால் வலது ஓரத்துப் பெட்டி எந்தப் படிவத்தையும் சேர்ந்ததல்ல. அதனால் அதில் எழுதியது போகவும் இல்லை, அழியவும் இல்லை. பதினாலு மாதத்து எழுத்தும் அப்படியே கிடந்தது, எழுதியவர்களே பிறகு அழித்ததும்கூட.

பெரும்பாலும் சின்ன விஷயங்கள். முழங்கால் நோவு. நித்திரை இல்லை. பெண் வைத்தியர் இருக்கிறாரா. அக்கா எல்லாவற்றையும் வாசித்தார். வாசிக்கக்கூடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு என் கதிரையைத் தன் பக்கம் இழுத்தார்.

“இதைப் பார், பிள்ளை.”

அவர் காட்டியவை எல்லாம் ஒரே கணினியிலிருந்து வந்தவை. அந்தக் கணினியில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் இரண்டு பிள்ளைகளுக்காக மேலே உள்ள படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனால் வலது ஓரத்தில் எழுதியவர் வேறு யாரோ. வார நாட்களில், காலை பத்துக்கும் இரண்டுக்கும் இடையில், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார். ஒவ்வொருமுறையும் எழுதி, கொஞ்ச நேரம் விட்டு, அழித்திருந்தார்.

முதலாவது: “ஓம், சொல்ல வேணும்.”

சாம்பல் எழுத்துக் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அடுத்தடுத்து: “நான் இவையின்ரை பிள்ளையளைப் பாக்கிறன்.” “கீழ்வீட்டிலை இருக்கிறன். வெளிக்கதவுக்கு வெளியாலை பூட்டு.” “பிள்ளையள் நித்திரை எண்டால்தான் மேலை வரலாம்.” “என்ரை பாஸ்போட் அவரிட்டை.” “வெளியாலை போனால் பொலிஸ் பிடிக்கும் எண்டு சொல்லுகினம். உண்மையோ?”

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தவை வேறு மாதிரி இருந்தன.

“ஓம், சாப்பிட்டன்.”

“இல்லை, இண்டைக்கு அவ்வளவு குளிரில்லை.”

“அம்மா இல்லை. போனவருசம் செத்திட்டா. கேட்டதுக்கு நன்றி.”

“நீங்கள் சொன்னமாதிரிச் செய்தனான். இப்ப நோகேல்லை.”

அந்தப் பெட்டி திரும்பப் பேசும் பெட்டி அல்ல. அதற்குள் எழுதப்பட்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்று. அது மாறவே இல்லை.

முதலாளியை நாங்கள் அண்ணை என்போம். நல்ல மனிதர். அக்கா சொன்னதும் பயந்துபோனார். “வாசிச்சனீங்கள் எண்டு வெளியிலை தெரிஞ்சால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைக்குள்ளை அந்தப் பெட்டியை ஃபோமோடை சேர்த்துவிடுங்கோ. மிச்சத்தை வைத்தியர் பாப்பார்.”

அக்கா மாட்டேன் என்றார். ஒரு பெட்டியையும் தனியே விடாதவர், இதைச் சேர்க்க மாட்டேன் என்றார். காரணத்தைச் சொன்னபோதுதான் எனக்கும் அண்ணைக்கும் விளங்கியது. படிவத்தை அனுப்பியதும், அதில் எழுதியதெல்லாம் ஒரு பிரதியாக அனுப்பியவரின் ஈமெயிலுக்குப் போகும். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து பட்டனை அழுத்தினால் போதும். எல்லாம் அந்தக் கணவனின் கைக்குப் போய்விடும்.

“அவ இவ்வளவு காலமும் தப்பினதே அது போகாத படியாத்தான்” என்றார் அக்கா.

அண்ணை திங்கட்கிழமை வரை தவணை கொடுத்தார். நாங்கள் எடுத்துக்கொண்டது அதைவிடக் கூட.

அக்கா பக்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது படிவம் ஒன்றைச் செய்தார். அதற்கு ஒரு பெயர் வைத்தார். வலது ஓரத்துப் பெட்டியின்மேல் அந்தப் பெயரை எழுதினார். அந்த வீட்டுக் கணினிக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதில் எழுதுவது, பட்டனை அழுத்தாவிட்டாலும், இனி அக்காவிடம் வரும். சாம்பல் எழுத்தையும் மாற்றினார். யார் பார்த்தாலும் சந்தேகப்படாத மாதிரி, “வாசிக்கிறோம், சொல்லுங்கள்” என்று வைத்தார். மாசி மாதம். ஜன்னலுக்கு வெளியே பனி குறுக்காக விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு வந்தது.

“தெரியும். மார்கழியிலையும் சொன்னனீங்கள்தானே.”

அக்கா கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். மார்கழியில் எங்களுக்கு அந்தப் பெண் இருப்பதே தெரியாது. கொஞ்ச நேரம் ஜன்னலடியில் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து சாம்பல் எழுத்தை மாற்றினார். “வெளியே வர விருப்பமா?”

மறுநாள் பதில் வந்தது. “ஓம். ஆனால் காலுக்குச் சப்பாத்தில்லை.”

அதைப் பார்த்துத்தான் அக்கா அழுதார். அவர் அழுததை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

பெண்களுக்கான ஒரு காப்பகத்துக்கு முன்பு பக்கம் செய்து கொடுத்திருந்தோம். அங்கே வேலைசெய்யும் ஒருவருக்கு அக்கா தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னார், தான் வாசித்ததையும் சேர்த்து. அவர்தான் பொலிஸோடு பேசி ஒழுங்கு செய்தார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு பொலிஸ்காரர்களோடு அந்த வீட்டுக்குப் போனார். அக்காவும் நானும் தெருவின் மறுபக்கம் என் காருக்குள் இருந்தோம். அக்காவின் மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி.

சாதாரண வீடு. வாசலில் பிள்ளைகளின் பனிச்சறுக்குத் தட்டு சாய்ந்து கிடந்தது. யாரும் கதவைத் திறக்கவில்லை. பிறகு பொலிஸ்காரர்கள் வீட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார்கள். எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது, காரின் கண்ணாடி முழுவதும் எங்கள் மூச்சால் மூடிப்போனது. அக்கா கோட்டுக் கையால் துடைத்தபோது அந்தப் பெண் வெளியே நின்றார். நாற்பது வயதிருக்கும். தோளில் போர்வை. காலில் சொக்ஸ் மட்டும். ஒரு கையில் அந்த வீட்டுக் குழந்தை. அதை இறக்கிவிடச் சொல்லி ஒரு பொலிஸ்காரி மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா ஓடிப்போய்ப் பனியில் முழங்கால் போட்டு அவருக்குச் சப்பாத்தை மாட்டினார். அளவாக இருந்தது. அந்தப் பெண் குனிந்து பார்த்துச் சொன்னார்.

“ஏழெண்டு சொன்னனான்தானே.”

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் தன் கால் அளவுக்குத்தான் வாங்கியிருந்தார், அதுவும் ஏழு. யாரும் எங்களுக்கு எண் சொல்லவில்லை.

“நான்தான் எழுதினனான், தங்கச்சி” என்றார் அக்கா. “அந்தப் பெட்டியிலை. வெளியிலை வர விருப்பமோ எண்டு கேட்டது நான்தான்.”

அந்தப் பெண் அக்காவின் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். “கடைசியாக் கேட்டது நீங்களாயிருக்கும்” என்றார். “முந்திக் கதைச்சவ நீங்கள் இல்லை. அவ வேறை.”

அதற்குள் காப்பகத்துக்காரர் அவரை வாகனத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்.

அந்தப் பெண்ணின் கதை நல்லபடி முடிந்தது. வழக்கு நடந்தது. பாஸ்போர்ட் கிடைத்தது, பிறகு இங்கே இருக்க அனுமதியும் கிடைத்தது. இப்போது டோர்செட் பார்க்கில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறார், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. கண்டால் சிரிப்பார். பெட்டியில் பேசிய மற்றவரைப் பற்றி நான் கேட்டதில்லை.

அக்காவால்தான் விட முடியவில்லை. பக்கத்தின் பதிவுகளை எல்லாம் இறக்கி, யார் யார் எந்த நேரம் உள்ளே வந்தார்கள் என்று ஒரு மாதம் தேடினார். அந்தப் பெட்டிக்குள் எதையும் எழுதிக் காட்டிய ஆள் எவரும் இல்லை. அந்தப் பெண்ணின் வசனங்களை ஒரு தாளில் வலது பக்கம் அச்சடித்து, இடது பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். “ஓம், சாப்பிட்டன்” என்பதற்கு எதிரே என்ன கேள்வி இருந்திருக்கும் என்று பென்சிலால் எழுதுவார், அழிப்பார், வேறு எழுதுவார். இடது பக்கம் அழித்து அழித்துச் சாம்பல் நிறமாகிவிட்டது.

“தனிய அடைச்சு வைச்சிருந்தால் மனம் அப்பிடித்தான், அக்கா” என்றார் அண்ணை. “பதில் சொல்ல ஆளில்லாட்டில் அதுவே கேட்டு, அதுவே சொல்லும்.”

“ஓம், அப்பிடித்தான் இருக்கும்” என்றார் அக்கா. பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

இதெல்லாம் வைத்தியருக்குத் தெரியவந்தபோது அவர் நன்றி சொன்னார். ஆனால் தன்னிடம் வருபவர்கள் எழுதியதை வாசித்தவர் இனித் தன் பக்கத்தைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு இடங்கள் அதையே சொன்னன. அக்காவை வேலையிலிருந்து நிறுத்துவதைத் தவிர அண்ணையால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. அக்காவும் அவரோடு வாதாடவில்லை. “அண்ணை சொல்லுறது சரி, பிள்ளை. நான் வாசிச்சிருக்கக்கூடாது. வாசிக்காமல் இருந்திருக்கவும் கூடாது” என்றார். பெட்டியை ஓரத்தில் வைத்தவள் நான் என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது.

கடைசி நாள், என் கண்முன்னாலேயே அந்த இரண்டாவது படிவத்தை அழித்தார். மூன்றரை மணிக்கு அவரோடு பேருந்துத் தரிப்பிடம்வரை நடந்தேன். பனி உருகித் தெருவெல்லாம் தண்ணீர்.

“அழிக்க முதல் ஒருக்கா அந்தப் பெட்டியிலை எழுதினனான்” என்றார் திடீரென்று.

“என்ன எழுதினீங்கள்?”

“நீங்கள் ஆர் எண்டு.”

பேருந்து திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. “பிறகு?”

அக்கா பேருந்து அட்டையைத் தேடிக் கைப்பையைக் கிளறினார்.

“பக்கத்தை மூடிப்போட்டன், பிள்ளை” என்றார். “எழுதி முடிக்கேக்கை அந்தப் பெட்டிக்குள்ளை சாம்பல் எழுத்து ஒண்டு வரத் தொடங்கினமாதிரி இருந்துது. வாசிச்சால் பிறகு நான் தனிய இல்லை எண்டு ஆயிடும். அதுக்கு எனக்குத் துணிவு வரேல்லை.”

பேருந்தின் கதவு திறந்தது. அவர் ஏறி, சாரதிக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. பேருந்து நகரும்போது பார்த்தேன், அக்கா அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்.